குதிரைக்காக வந்த வைத்தியம்... மாட்டுக்கு வந்த கதை!

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்கு மாட்டு வண்டிகளில் கரும்பு போன காலத்து ஆட்களிடம் ‘வெக்கை’ என்று சொல்லிப் பாருங்கள். மாட்டுக்குக் காய்ச்சல் அடிக்கும், வாயெல்லாம் புண்ணாகும், கழிச்சல் கண்டு சில நாள்களில் சாய்ந்துவிடும். ஒரு தொழுவத்தில் நுழைந்தால் ஊரையே காலி செய்துவிடும் நோய் அது. உழவு மாடு போனால் அந்த வருஷ வெள்ளாமையும் போச்சு!

உலகின் முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி பிறக்கவும் இந்த வெக்கைதான் முக்கியக் காரணம். 18-ம் நூற்றாண்டில் ஐரோப்பிய மாடுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. பிரான்ஸின் லியோன் நகரில் குதிரையேற்றப் பள்ளி நடத்திய குளோட் பூர்ஜலா, 1761-ல் அரசு அனுமதி வாங்கி அந்தக் கல்லூரியைத் தொடங்கினார். 1791-ல் லண்டனில் கல்லூரி வந்தபோது அங்கே பாடம் நடத்தப் போனவரும் ஒரு பிரெஞ்சுக்காரரே.

லியோனில் படித்த ஆங்கிலேயர் வில்லியம் மூர்கிராஃப்ட், 1808-ல் இந்தியா வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்கு பீகாரில் குதிரை வளர்க்கும் வேலை! நல்ல குதிரை தேடி புகாரா வரை போனவர், திரும்பும் வழியில் 1825-ல் இறந்தார். நம் உழவு மாட்டைப் பற்றி அப்போது யார் கவலைப்பட்டார்கள்?

மாட்டு நோய்களை ஆராய அரசு போட்ட கமிஷன் அறிக்கை தந்ததே 1871-ல்தான். 1889-ல் புனேவில் ஆராய்ச்சிக்கூடம் வந்தது. பிறகு அது இமயமலையில் உள்ள முக்தேஸ்வருக்கு மாறியது. 1897-ல் ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் கோக்கே அங்கு வந்து போனார்.

சென்னைக்கு 1903 அக்டோபர் 1-ம் தேதி விடிந்தது. வேப்பேரியில் ‘டாபின் ஹால்’ என்ற கட்டடத்தில் 20 மாணவர்களோடு கால்நடை மருத்துவக் கல்லூரி ஆரம்பமானது. 1936-ல் அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இந்தியாவில் கால்நடை மருத்துவத்துக்குப் பட்டம் தந்த முதல் கல்லூரி என்ற பெருமையும் அதற்கே.

1920-களில் முக்தேஸ்வரில் எட்வர்ட்ஸ் என்ற ஆங்கிலேயர், வெக்கைக் கிருமியை ஆடுகளின் உடலில் திரும்பத் திரும்பச் செலுத்தி, அதன் வீரியத்தைக் குறைத்துத் தடுப்பூசி செய்தார். கண்டுபிடித்தது அவர். அதை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுக்குப் போட்டவர்கள் நம்மூர் டாக்டர்களும் உதவியாளர்களும்தான். அவர்கள் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

1954-ல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. இந்தியாவில் வெக்கை கடைசியாகத் தலைகாட்டியது 1995-ல். 2011-ல் உலகத்தை விட்டே அது ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதன் ஒழித்த இரண்டாவது நோய்!

வேப்பேரியில் இன்று படிக்கும் பிள்ளைகள் வெக்கையைப் புத்தகத்தில்தான் பார்க்கிறார்கள்.