கற்பூரத்துக்கு மோட்டார் எங்கே?

போன ஞாயிற்றுக்கிழமை செம்மேட்டில் கரண்ட் இல்லை. மகளுக்குப் பொழுது போகட்டும் என்று அகலமான ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, பூஜைக் கற்பூரத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளிப் போட்டேன். அது சுற்றிச் சுற்றி ஓட ஆரம்பித்தது. "அப்பா, இதுக்கு மோட்டார் எங்க?" என்றாள். இரண்டு மாதமாக ராத்திரியில் நான் படித்துக்கொண்டிருப்பதே அந்தக் கேள்வியைத்தான். அதனால் இந்தக் குறிப்பு.

கற்பூரம் கரைந்து பரவும் இடத்தில் நீரின் பரப்பு இழுவிசை குறைகிறது. துணுக்கு ஒழுங்கான வடிவத்தில் இல்லாததால் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் குறைவதில்லை. இழுவிசை அதிகமுள்ள பக்கம் துணுக்கை இழுக்கிறது. எண்ணெய் தொட்ட விரலை நீரில் வைத்துப் பாருங்கள், ஓட்டம் நின்றுவிடும். எண்ணெய் பரவி அந்த வித்தியாசத்தை அழித்துவிடுகிறது. ஆக, மோட்டார் என்பது அந்த வித்தியாசம்தான்.

இது நீரின் மேலே. திரவத்துக்கு உள்ளே, கண்ணுக்குத் தெரியாத துகளை இப்படி ஓட்ட முடியுமா? ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் கிளெமென்ஸ் பெக்கிங்கர் குழுவினர் ஓட்டிக் காட்டி 2011இல் கட்டுரை வெளியிட்டார்கள். சில மைக்ரான் அளவுள்ள சிலிக்கா உருண்டை, அதன் ஒரு பாதியில் மட்டும் மெல்லிய தங்கப் பூச்சு. (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) அதைத் தண்ணீரும் லூட்டிடின் என்ற கரிமத் திரவமும் கலந்த கலவையில் விடுகிறார்கள்.

சூடாக்கினால் நன்றாகக் கலக்கும் என்றுதான் நாம் நினைப்போம். இந்த ஜோடி தலைகீழ். சரியான விகிதத்தில் சேர்த்தால், சுமார் 34 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஒன்றாக இருக்கும், அதற்கு மேலே பிரிந்துவிடும். கலவையை அந்த வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே வைத்து வெளிச்சம் பாய்ச்சினால், தங்கப் பக்கம் மட்டும் சூடேறும், அங்கே மட்டும் கலவை பிரியும். இப்போது உருண்டையின் இரண்டு பக்கமும் வேறு வேறு செறிவு. அந்த வித்தியாசம் உருண்டையை ஒட்டிய திரவத்தை ஒரு பக்கமாக நழுவ வைக்கிறது, உருண்டை எதிர்ப்பக்கம் நகர்கிறது. வெளிச்சத்தைக் கூட்டினால் வேகமும் கூடும்.

இதை நானே பைத்தானில் எழுதிப் பார்த்தேன். காலேஜில் படித்த 'விசை = நிறை × முடுக்கம்' சூத்திரம், நீரின் தடைக்கு ஒரு குத்துமதிப்பான எண். வெளிச்சத்தை அணைத்த பிறகும் என் துகள் படகு மாதிரி வழுக்கிக்கொண்டே போனது. மூன்று ராத்திரி கோடில் தப்பைத் தேடினேன். தப்பு கோடில் இல்லை, என் மனக்கணக்கில் இருந்தது. 1 மைக்ரான் உருண்டை தண்ணீரில் விநாடிக்கு 10 மைக்ரான் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். தள்ளுவதை நிறுத்தினால், ஒரு விநாடியில் கோடியில் ஒரு பங்கு நேரத்திலேயே அது நின்றுவிடும். அதற்குள் ஓர் அணுவின் அகலம்கூடப் போயிருக்காது. அவ்வளவு சின்ன உருண்டைக்குத் தண்ணீரே நம்ம கொல்லிமலைத் தேன் மாதிரி. வித்தியாசம் இருக்கும் வரைதான் ஓட்டம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நீர் மூலக்கூறுகள் இடித்துக்கொண்டே இருப்பதால் உருண்டை திரும்பிக்கொண்டே இருக்கும். 1 மைக்ரான் உருண்டை ஒரு விநாடிக்குள்ளேயே தன் திசையை மறந்துவிடும். விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் 8 மடங்கு நேரம் நினைவில் வைத்திருக்கும். 1 சென்டிமீட்டரை நேராகக் கடக்க 17 நிமிடம் போதும். திசையை மறந்து மறந்து போனால், என் கணக்கில் இரண்டு வாரத்துக்கும் மேல். 'நானோ ரோபோ நேராகக் கட்டிக்கே போய் மருந்து கொடுக்கும்' என்று வாட்ஸப்பில் வந்தால், திசையை யார் காட்டுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

ஒழுங்காகக் கணக்குப் போட விரும்புகிறவர்களுக்கு பைஸ்டோக்ஸ் என்ற இலவசப் பைத்தான் நூலகம் இருக்கிறது. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் இந்தத் துறையில் ஆய்வு செய்த ராஜேஷ் சிங், ரோனோஜாய் அதிகாரி இருவரும் எழுதியது, 2020இல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. துகள்கள் ஒன்றையொன்று திரவம் வழியாக எப்படித் தள்ளுகின்றன என்பதையும் அது கணக்கிடும்.

மகளிடம் "வித்தியாசம்தான் மோட்டார்" என்றேன். எண்ணெய் விரலோடு வந்து தட்டில் வைத்து, நின்றுபோன கற்பூரத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப மறுபடி ஸ்டார்ட் பண்ணு" என்றாள். தட்டைக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றினேன்.