பேரிடுதலும் பேர் சொல்லி அழைத்தலும்

கடலூரை அடுத்துக் கெடிலக் கரையில் உள்ள திருவஹீந்த்ரபுரத்துத் தெய்வநாயகனுக்கு ‘அடியவர்க்கு மெய்யன்’ என்றொரு திருநாமம் உண்டு. ஸ்வாமி வேதாந்த தேசிகன் இதனையே வடமொழியில் ‘தாஸஸத்யன்’ என்று அநுஸந்தித்தருளினார். தில்லைத் திருச்சித்ரகூடத்துப் பெருமாள் கோவிந்தராஜன். காட்டுமன்னார்கோயிலில் எழுந்தருளியிருப்பவன் வீரநாராயணன். தேவநாதன், கோவிந்தராஜன் என்னும் பெயர்கள் இவ்வட்டாரத்து இல்லங்களில் பாட்டனிடமிருந்து பேரனுக்கு வருவதற்கு இந்த ஸந்நிதிகளே ஆதாரம். இப்பெயர்களின் பொருள் யாது என்று வினவுவோர் பலர். பேரிடுதல் யாருடைய பயனுக்காக என்பதே நம் பெரியோர் முதலில் எழுப்பிய வினா.

பெரியாழ்வார் திருமொழியில் நான்காம் பத்தின் ஆறாம் திருமொழி முழுவதும் இதைப் பற்றியதே. இப்பிரபந்தத்திற்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வ்யாக்யானத்தில் பெரும்பகுதி லுப்தமாய்விட, அக்குறையை மணவாள மாமுனிகள் நிறைவேற்றினார். நாம் எடுத்துக்கொண்ட திருமொழி அப்பகுதியைச் சேர்ந்தது. பொருளுக்கும் ஆடைக்கும் ஆசைப்பட்டுப் பிறர் பேரைப் பிள்ளைக்கு இடுவாரை ஆழ்வார் இங்குக் கடிகிறார். எம்பெருமான் பேரைத் தாங்கிய பிள்ளையின் தாய்க்கு நரகவாசம் இல்லை என்பது அவருடைய துணிபு. பலன் சொல்லப்பட்டது பிள்ளைக்கன்று, தாய்க்கு என்பது நோக்கத்தக்கது. ஒரு நாளில் பலகால் அப்பேரைச் சொல்லி அழைப்பவள் அவளல்லவா?

பிற நாட்டு வழக்கோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை விளங்கும். யவனரின் ‘தெயோதோரோஸ்’ தெய்வத்தின் கொடை என்று பொருள்படும். நம் தேவதத்தன் போன்றது. அரபு மொழியில் ‘அப்துல்லாஹ்’ இறைவனின் அடியான். எபிரேயரின் ‘தானியேல்’ என்பதோ, இறைவனே என் நடுவன் என்னும் ஒரு வாக்கியம். இவையெல்லாம் இறைவனுக்கும் மனிதனுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் பெயர்கள். நம்மிடத்தில் அத்தொடர்பைச் சொல்வது ஸமாச்ரயணத்தில் ஆசார்யன் இடும் தாஸ்யநாமம். தொட்டிலில் இடும் பேரோ பெரும்பாலும் அவன் திருநாமமேதான்.

ஸ்ரீபாகவதம் ஆறாம் ஸ்கந்தத்தில் வரும் அஜாமிளன் தன் பதின்மரில் இளைய மகனையே ‘நாராயணா’ என்று விளித்தான், எம்பெருமானை நினைத்தல்ல. வேறொருவரைக் குறித்துச் சொன்ன திருநாமமும் பாவத்தைப் போக்கும் என்று அங்கேயே ஓதப்படுகிறது. ‘ஸாங்கேத்யம்’ என்பது அதன் பெயர். அவனைக் காத்தது அவனுடைய பக்தியன்று, முன்பு இட்டுவைத்த பேர்.

பேர் நினைவாகவும் அமையும். காட்டுமன்னார்கோயிலில் அவதரித்த நாதமுனிகள் வடநாட்டு யாத்திரையில் யமுனைக் கரையில் தங்கியிருந்ததை நினைந்து, தம் பேரனுக்கு யமுனைத்துறைவன் என்று திருநாமம் இடும்படி நியமித்தார் என்பர். அப்பேரனுக்கே பின்பு வாதத்தில் வென்றதனால் ஆளவந்தார் என்பது வந்தது. முன்னது குடும்பம் தந்தது. பின்னது அவரே ஈட்டியது.

இன்று எண் கணிதம் பார்த்து எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் பேரிடுவது, ஆழ்வார் கடிந்த அதே பொருளாசையின் புதுவடிவம் என்றே அடியேன் கருதுகிறேன். நல்ல பேரை இட்டபின் அதைச் சிதைப்பது வேறொரு குறை. நாராயணன் நாணுவாகிறான், ஸ்ரீநிவாஸன் சீமாச்சு ஆகிறான். அன்பினால் வந்தவை, குற்றம் சொல்ல நா எழவில்லை. ஆயினும் முதற்பராந்தகனின் விருதுப்பேரால் வீரநாராயண ஏரி எனப்பட்டது இன்று வீராணமாய் நிற்கிறது. 2004 முதல் அதன் நீரைப் பருகும் சென்னைவாசிகளில் எத்தனை பேருக்கு அதனுள் நாராயணன் பேர் ஒலிக்கிறது? அஜாமிளனும் மகனைச் சுருக்கியே அழைத்திருந்தால் ஸாங்கேத்யம் என்பதற்கு அங்கு இடமுண்டோ என்று வித்வான்கள் ஆராய வேண்டும். பள்ளிச் சான்றிதழில் மட்டும் எழுதிவைத்த பேரை யாரும் வாயால் சொல்வதில்லை.