பீப்பாயில் இருக்கிற பேக்கப்

எபிசோடில் காலநிலைக்கு ஏஐ என்ன செய்யும் என்று நிறையக் கதைச்சோம். நான் மேப்பிள் சிரப்பைப் பற்றிச் சொல்லப் போறேன்.

உலக உற்பத்தியில் கிட்டத்தட்ட 70% கியூபெக்கில் இருந்துதான் வருது. இரவில் உறைபனி, பகலில் பூஜ்ஜியத்துக்கு மேல வெப்பம், அப்போதான் மரத்தில் சாறு ஓடும். வசந்தம் சட்டென்று சூடானால் சீசன் முடிஞ்சுது. ஒரு லிட்டர் சிரப்புக்குச் சுமார் 40 லிட்டர் சாறு வேணும்.

பெரிய தோப்புகளில் இப்போ வாளி இல்லை. மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் குழாய், முடிவில் வெற்றிட பம்ப். அணில் கடிச்சால் அழுத்தம் போயிடும். முன்பு காடு முழுக்க நடந்து தேடணும். இப்போ எந்த லைனில் கசிவு என்று சென்சார் போனுக்கே சொல்லுது. ஐஓடி என்றாலே சிரிக்கிற எனக்கும் இது பிடிச்சிருக்கு.

ஆனால் 2021இல் விளைச்சல் விழுந்தபோது கைகொடுத்தது கிடங்கு. நல்ல வருசங்களில் மிஞ்சியதைப் பீப்பாய்களில் சேர்த்து வைத்திருந்த உற்பத்தியாளர் அமைப்பு, சுமார் 5 கோடி பவுண்டை வெளியே விட்டது. அது இருப்பில் ஏறக்குறைய பாதி. இதுக்காக எல்லாரும் கோட்டாவுக்குக் கட்டுப்படணும். அதில் கடுப்பான விவசாயிகளும் உண்டு.

2022 நல்லா வந்தது. 2023 மறுபடி சறுக்கல். 2024 தொடக்கத்தில் அந்தக் கிடங்கில் மிச்சம் இருந்தது சுமார் 70 லட்சம் பவுண்டுதான்.