மரத்தரைக்குக் குளியல் வேண்டாம்!

உங்கள் வீட்டுப் படுக்கையறையில் தேக்குமரம் மாதிரி வரிவரியாகப் பளபளக்கிற தரை போட்டிருக்கிறீர்களா? முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அது தேக்கு இல்லை. முழு மரமே இல்லை. மரத்தூளையும் மரநாரையும் பிசினோடு சேர்த்து இறுக்கி அழுத்திய பலகை. அதன்மேல் மரத்தின் வரிகளை அச்சடித்த ஒரு காகிதம். காகிதத்துக்கு மேலே மெலமைன் பிசின் பூச்சு. இதற்குப் பெயர்தான் லேமினேட் தரை. 1977-ல் ஸ்வீடன் நாட்டில் கண்டுபிடித்தது, இன்று நம் ஊர் அடுக்குமாடி வீடுகள் வரை வந்துவிட்டது.

"சித்த வைத்தியருக்கும் தரைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. மூட்டுவலி என்று வருகிற பெரியவர்களில் பலர் சொல்வது இதுதான்: "டைல்ஸ் ஜில்லுனு இருக்கு டாக்டர். காலை வெச்சாலே மரத்துப் போவுது." வாத உடம்புக்குக் குளிர்ந்த தரை ஆகாதுதான். அதைக் கேட்டுவிட்டு மகனோ மகளோ அம்மாவின் அறையில் லேமினேட் போட்டுக் கொடுக்கிறார்கள். கால் வைத்தால் இதமாகத்தான் இருக்கிறது. நல்ல காரியம். ஆனால் அந்தத் தரையை எப்படித் துடைப்பது என்று அம்மாவுக்கும் யாரும் சொல்வதில்லை, வேலைக்கு வருகிறவருக்கும் யாரும் சொல்வதில்லை.

என்னிடம் வரும் ஓர் அம்மாவுக்கு வயது அறுபத்தெட்டு. வாழ்நாளெல்லாம் வெள்ளிக்கிழமை காலையில் வீட்டைக் கழுவிவிட்டே விளக்கேற்றிப் பழக்கப்பட்டவர். மகன் புதுத்தரை போட்ட முதல் வெள்ளியன்று, வழக்கம்போல் ஒரு பக்கெட் தண்ணீரில் ஃபினாயிலைக் கலந்து அறை முழுக்க ஊற்றித் தள்ளினார். இரண்டே மாதத்தில் பலகைகளின் ஓரமெல்லாம் உதடு பிதுங்கின மாதிரி மேலே எழும்பிவிட்டன. மருமகள் கோபப்பட, மாமியார் அழ, வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோனது. "வீட்டைக் கழுவாம எப்படி டாக்டர் சாமி விளக்கேத்தறது?" என்று என்னிடம் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. எழும்பி நின்ற அந்த ஓரத்தில் கால் இடறி, கட்டில் விளிம்பைப் பிடித்துத் தப்பித்ததையும் அன்றுதான் சொன்னார். பிடி கிடைக்காமல் போயிருந்தால்? அந்த வயதில், மாதவிலக்கு நின்று எலும்பு மெலிந்த உடம்பில், இடுப்பெலும்பு முறிந்தால் மாதக்கணக்கில் படுக்கைதான்.

ஏன் இப்படி ஆகிறது? மேல் பூச்சுக்குத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. ஆனால் பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருக்கிற இணைப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. உள்ளே இருப்பது மரநார் அல்லவா? ஊறி உப்பிவிடும். உப்பினது காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. நிஜமான மரம் என்றால் இழைத்துச் சரிசெய்யலாம். இதை இழைத்தால் மேலே இருக்கிற காகிதம்தான் போகும்! இறங்கின தண்ணீர் அடியில் தேங்கினால் பூஞ்சையும் பிடிக்கும். ஆஸ்துமா, இரைப்பு உள்ள குழந்தை அந்த அறையில் படுத்தால் ராத்திரி முழுக்க இருமல். மழைக்காலத்தில் மூலையில் மக்கின வாசனை வந்தால் ஊதுவத்தி ஏற்றி மறைக்கப் பார்க்காதீர்கள். ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்.

துடைக்கிற முறை

தினமும் வேண்டியது பூந்துடைப்பத்தால் ஒரு பெருக்கு. அவ்வளவுதான். ஈர்க்குத் துடைப்பம் வாசலுக்கு. தரையைக் கெடுப்பது அழுக்கைவிட மணல்தான். செருப்பில் ஒட்டி வருகிற மணல், உப்புக்காகிதம் மாதிரி தேய்த்துத் தேய்த்து மேல்பூச்சை மங்க வைத்துவிடும். கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள் அறைவாசலில் ஒரு மிதியடி போடுங்கள். கட்டில், மேஜை கால்களுக்கு அடியில் கம்பளித் துண்டு ஒட்டுங்கள். நகர்த்தும்போது இழுக்காமல் தூக்கி நகர்த்துங்கள்.

வாரம் ஒருமுறையோ இரண்டு முறையோ ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஈரத்துணி என்றால் சொட்டுகிற துணி இல்லை. பிழிந்தபின் இன்னொரு தடவை முறுக்கிப் பாருங்கள். ஒரு சொட்டும் விழக்கூடாது. துடைத்த இடம் ஒரு நிமிஷத்துக்குள் தானாகக் காய்ந்துவிட வேண்டும். காயவில்லையா? ஈரம் அதிகம், இன்னும் பிழியுங்கள். மைக்ரோ ஃபைபர் துணி நல்லது. பழைய பருத்தி வேட்டித் துணியும் நல்லதுதான். மாப் வாங்குவதென்றால் தட்டையானதாக வாங்குங்கள். நூல் தொங்குகிற மாப் தண்ணீரை அடக்கிவைத்துக்கொண்டு போகிற வழியெல்லாம் ஒழுகவிடும். நீராவி பீய்ச்சுகிற மாப் விளம்பரத்தைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். சூடும் ஈரமும் சேர்ந்து இணைப்புக்குள் நுழையும்.

மெழுகு, பாலீஷ், தேங்காய் எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். மரத்துக்கு எண்ணெய் பூசினால் உறிஞ்சிக்கொள்ளும். மெலமைன் உறிஞ்சாது. மேலேயே வழுவழுவென்று நிற்கும், வழுக்கும். சோப்புத் தண்ணீரும் அப்படியே. அழுக்கு போகவில்லை என்றால் அரை பக்கெட் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவுகிற திரவம் சில சொட்டுதான். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை.

"வேப்பிலைத் தண்ணி, மஞ்சள் தண்ணி தெளிக்கலாமா டாக்டர்?" என்று என்னைப் பார்த்ததும் கேட்காதவர் கிடையாது. வாசலில், சிமெண்ட் தரையில் தாராளமாகத் தெளியுங்கள். மண்தரைக்குச் சாணம் மெழுகியது அந்தத் தரைக்கு ஏற்ற வேலை. லேமினேட்டுக்கு மூலிகையாக இருந்தாலும் தண்ணீர் தண்ணீர்தான்.

எண்ணெய்க் குளியலும் வழுக்கலும்

இது என் துறை. ஆண்களுக்குப் புதன், சனி, பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்று எண்ணெய் முழுக்குப் பழக்கம் உள்ள வீடுகள் இன்னும் நிறைய. மூட்டுவலிக்கு வாதகேசரித் தைலம், உளுந்துத் தைலம் என்று நானே எழுதிக் கொடுக்கிறேன். முழங்காலில் தேய்த்தது வழிந்து உள்ளங்காலுக்கு வரும். அந்தக் காலோடு லேமினேட்டில் நடப்பது வாழைப்பழத்தோலில் நடப்பதற்குச் சமம். தைலம் தேய்க்கும்போது நாற்காலியைப் போட்டு, காலுக்கு அடியில் பழைய போர்வையை மடித்து விரியுங்கள். அரைமணி நேரம் கழித்து உள்ளங்காலையும் விரலிடுக்கையும் துணியால் அழுந்தத் துடைத்துவிட்டு எழுந்திருங்கள். பெரியவர்கள் தனியாக எழ வேண்டாம், ஒருவர் கூட இருக்கட்டும். தரையில் சிந்தின எண்ணெயைத் தண்ணீர் விட்டுத் துடைத்தால் பரவும். முதலில் செய்தித்தாளால் ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு மேலே சொன்ன சோப்புத் துணி.

குளியலறை வாசலில் போடுகிற மிதியடி அடிப்பக்கம் வழுக்காத ரகமாக இருக்கட்டும். காலையில் போட்டு ராத்திரி எடுத்து உலர்த்துங்கள். ஈர மிதியடி அங்கேயே கிடந்தால் அதற்கு அடியில்தான் பலகை முதலில் உப்பும்.

ஃபினாயில் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாசனை வந்தால்தான் வீடு சுத்தம் என்ற எண்ணம் நமக்கு ஊறிப்போய்விட்டது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் தினமும் ஃபினாயில் தேவையே இல்லை. குழந்தை வாந்தி எடுத்தால், சிறுநீர் கழித்தால், உடனே ஒற்றி எடுத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் மட்டும் கிருமிநாசினியைத் துணியில் தொட்டுத் துடையுங்கள். ஃபினாயிலையும் ஆசிட்டையும் பழைய தண்ணீர் பாட்டில், கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி விற்கிறார்கள் பாருங்கள், அந்தப் பாட்டிலை வீட்டுக்குள் விடாதீர்கள். தாகத்தில் எடுத்துக் குடிக்கிற குழந்தைக்கு என்ன தெரியும்? குடித்துவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எரித்துக்கொண்டு உள்ளே போனது, திரும்பி வரும்போதும் எரிக்கும், நுரையீரலுக்குள்ளும் போகலாம். 108-க்குப் போன் செய்யுங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். இந்த நேரத்தில் நாட்டு மருந்து, கைவைத்தியம் எதுவும் வேண்டாம். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன். அதேபோல் ப்ளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிட்டையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. கிளம்புவது குளோரின் வாயு, மூச்சையே அடைக்கும்.

பூஜை செய்கிற அறையில் லேமினேட் இருந்தால் குங்குமம் சிந்தியதும் ஈரத்துணியைத் தேடாதீர்கள். காய்ந்த துணியால் கூட்டி எடுத்தபின் துடையுங்கள். மஞ்சள் கறை உடனே துடைத்தால் போய்விடும், இணைப்பில் இறங்கிவிட்டால் நிற்கும். நகப்பூச்சு சிந்தினால் அதை நீக்குகிற திரவத்தைத் துணியில் தொட்டு ஒற்றுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் விளக்கு எரியக்கூடாது. சாம்பிராணித் தணல் விழுந்த வடு மட்டும் போகாது. தூபக்காலைத் தட்டோடு எடுத்துப் போங்கள்.

இனிமேல்தான் போடப்போகிறீர்களா? தரைத்தளத்து வீடு என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மாடி வீடானால் பெட்டியில் ஈ1 என்ற குறி இருக்கிறதா பாருங்கள், பிசினிலிருந்து வெளியாகும் ஃபார்மால்டிஹைடு குறைவு என்று பொருள். போட்டபிறகு சில நாள் ஜன்னலைத் திறந்தே வையுங்கள். கண் எரிந்தால் அந்த அறையில் குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள்.

அந்த அம்மா வீட்டில் இப்போது ஓர் ஏற்பாடு. ஹால், சமையலறை, வாசல் எல்லாம் மாமியார் ராஜ்ஜியம், வெள்ளிக்கிழமை தாராளமாகத் தண்ணீர் விடலாம். அறைக்கு மட்டும் தனித்துணி, தனி பக்கெட். அதை வேலைக்கு வருகிறவரிடம் விடுவதில்லை. நாலு வீடு முடிக்க வேண்டிய அவசரத்தில் அவர் துணியை எத்தனை முறைதான் பிழிவார்? மருமகள் துடைக்கிறார். உப்பின பலகைகளைக் கழற்றி மாற்றியாயிற்று. அதே நிறம் கடையில் கிடைக்காமல் அலைந்தார்கள். ஆகவே தரை போடும்போதே மீந்த பலகைகளில் ஐந்தாறை ஆசாரியிடம் கேட்டு வாங்கி, கட்டிலுக்கு அடியில் படுக்கவாட்டில் வைத்துவிடுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துபோகும்.