அளக்கும்போது கூப்பிட்டால்

களத்தில் நெல் அளப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் மரக்காலை ‘ஒண்ணு’ என்று எண்ணமாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று எண்ணிக்கை ராகம்போலப் போய்க்கொண்டிருக்கும்போது யாராவது வந்து “பெரியப்பா, வண்டி வந்திருச்சு” என்று கூப்பிட்டுவிட்டால் போச்சு. இப்போது விழுந்தது ஏழா, எட்டா? கறாரான ஆள் ஊகத்தில் தொடரமாட்டார். அளந்ததைக் குவியலிலேயே கொட்டிவிட்டு மறுபடி லாபத்திலிருந்து ஆரம்பிப்பார். மூட்டை முழுதும் அளந்து முடித்த பிறகுதான் கணக்கில் ஒரு கோடு விழும். அந்தக் கோடு விழும்வரை அது அளக்கப்படாத நெல்தான்.

இதே முறையைக் கணினிக்குள் கொண்டுவந்த வேலையில் பெரும்பங்கு கனடாவின் மாண்ட்ரியல் நகரத்தில் நடந்தது. அதைச் செய்தவர் மத்யூ டெனுவாயே, எஃபிசியோஸ் என்ற சிறு நிறுவனத்தை நடத்துபவர். ‘மீண்டும் தொடங்கக்கூடிய வரிசை’ என்று பொருள்படும் அந்த வசதிக்கு நிரலாளர்கள் வைத்திருக்கும் சுருக்கப்பெயர் ஆர்செக். கூகுளில் பால் டர்னர், ஆண்ட்ரூ ஹன்டர் ஆகியோரிடம் தோன்றிய யோசனை அது. பல சுற்று விவாதங்களைத் தாண்டி அதை லினக்ஸுக்குள் சேர்த்தவர் டெனுவாயே. 2018 ஆகஸ்டில் வந்த லினக்ஸ் 4.18 பதிப்பில் அது இடம்பெற்றது. ஆனால் நான் சொல்ல வந்தது ஆர்செக்கைப் பற்றி அல்ல; அதனுடன் சேர்ந்து வந்த சோதனை நிரல்களைப் பற்றி. இயங்குதளத்தின் கருவைச் சோதிப்பது எப்படிப்பட்ட வேலை, அந்தச் சோதனைகளை வருடக்கணக்கில் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இவ்வளவு தெளிவான உதாரணம் எனக்கு வேறு கிடைக்கவில்லை.

முதலில் கரு, அதாவது கெர்னல், என்ன என்று பார்த்துவிடுவோம். நம் கைபேசி ஆண்ட்ராய்டு என்றால் அதன் அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல். தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் என்ற இந்திய இயங்குதளமும் இருந்ததே, அதன் அடியிலும் இதே கெர்னல்தான். நாம் தொடும் செயலிகள் எல்லாம் மேலே ஓடுகின்றன. நினைவகம், கோப்பு, வலைத்தொடர்பு, யாருக்கு எவ்வளவு நேரம் பிராசசர் என்ற பங்கீடு எல்லாம் கெர்னலின் கையில். ஒரு செயலி பிழைபட்டால் அது மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னல் பிழைபட்டால் மொத்த இயந்திரமும் போய்விடும்; அல்லது, அதைவிட மோசமாக, போகாமல் தப்பான கணக்கை எழுதிக்கொண்டே இருக்கும்.

பிராசசரைப் பங்கிடும் வேலையில் கெர்னல் யாரிடமும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எந்தக் கட்டளைக்கும் அடுத்த கட்டளைக்கும் நடுவில், ‘போதும், தள்ளு’ என்று நிறுத்திவிட்டு இன்னொன்றை ஏற்றிவிடும். திரும்ப இடம் கிடைக்கும்போது அந்த நிரல் வேறொரு பிராசசரில் இருக்கலாம். ஒவ்வொரு பிராசசருக்கும் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கும் நிரலுக்கு இது ஆபத்து. மூன்றாம் பிராசசரின் கணக்கைப் படித்து, ஒன்று கூட்டி, எழுதப் போவதற்குள் அது ஐந்தாம் பிராசசருக்கு நகர்ந்துவிட்டது என்று வையுங்கள். அதே நேரத்தில் மூன்றாவதில் வந்து அமர்ந்தவர் அதே கணக்கைத் திருத்திக்கொண்டிருப்பார். ஒருவர் எழுதியது இன்னொருவரால் அழியும்.

பழைய தீர்வு பூட்டு. கணக்கைத் தொடுமுன் பூட்டு, முடிந்ததும் திற. அது சரியாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை செய்யும் காரியத்துக்குப் பூட்டு அதிக விலை. ஆர்செக் பூட்டுவதில்லை. நிரல் கெர்னலிடம் மூன்று தகவல்களைக் கொடுத்து வைக்கிறது: நான் அளக்கத் தொடங்கும் இடம் இது, இவ்வளவு நீளம், நடுவில் நிறுத்தினால் திரும்ப வேண்டிய இடம் அது. கெர்னல் அந்த நிரலை இடையில் நிறுத்தி, மறுபடி ஓடவிடும்போது, அளக்கும் பகுதிக்குள் நிறுத்தியிருக்கிறோமா என்று பார்க்கும். ஆம் என்றால் விட்ட இடத்தில் தொடரவிடாமல் திரும்ப வேண்டிய இடத்துக்கு அனுப்பிவிடும். நிரல் லாபத்திலிருந்து மறுபடி எண்ணும். கணக்கில் விழும் கோடு மட்டும் கடைசியாக வரும் ஒற்றைக் கட்டளை. அது விழுந்தது அல்லது விழவில்லை. பாதிக் கோடு என்று ஒன்று கிடையாது.

சரி, இது சரியாக வேலை செய்கிறது என்று எப்படி நிரூபிப்பது?

ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்தால் ஆயிரம் தடவையும் சரியான விடை வரும். அதில் ஒரு பெருமையும் இல்லை. அளக்கும் பகுதி சில கட்டளைகள் நீளம்தான், நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரம். சரியாக அந்த இடுக்கில் கெர்னல் குறுக்கிடுவது அபூர்வம். யாருமே கூப்பிடாத களத்தில் எண்ணிக்கை தவறாமல் அளந்தவரைத் திறமைசாலி என்று எப்படிச் சொல்வது? வேண்டுமென்றே கூப்பிட வேண்டும். ஒவ்வொரு மரக்காலுக்கும் நடுவில் கூப்பிட வேண்டும்.

டெனுவாயே எழுதிய சோதனை நிரல் அதைத்தான் செய்கிறது. பராம் டெஸ்ட் என்று பெயர். அளக்கும் பாதையில் ஒன்பது இடங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. எந்த இடத்தில் வேண்டுமானாலும் வெட்டியாகச் சுற்றும் ஒரு சுழற்சியைச் செருகி, அந்த இடுக்கை அகலமாக்கலாம். ஊசித்துளையாக இருந்தது வாசலாகிவிடும். அதோடு குறுக்கீட்டையும் அதுவே வரவழைக்கும். நான்கில் ஒரு தடவை, இரண்டில் ஒரு தடவை, பிறகு ஒவ்வொரு தடவையும் பிராசசரைத் தானாக விட்டுக்கொடுக்கும். தனக்குத்தானே சிக்னல் அனுப்பிக்கொள்ளும். ஒரு மில்லிநொடி தூங்கிவிட்டு எழும். இதையெல்லாம் எத்தனை பேர் ஒரே நேரத்தில் செய்கிறார்கள்? ஒரே நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் இழைகள், பிராசசர் ஒன்றுக்கு ஆறு. எட்டுப் பிராசசர் இருந்தால் நாற்பத்தெட்டு இழைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். எல்லாம் முடிந்ததும் தனித்தனிக் கணக்குகளைக் கூட்டிப் பார்க்கும். இழைகளின் எண்ணிக்கையை அவை ஓடிய தடவைகளால் பெருக்கினால் வரும் தொகையோடு அது பொருந்த வேண்டும். ஒன்று குறைந்தாலும் தோல்வி.

இதே நிரலுக்கு இன்னொரு வடிவமும் உண்டு. அளக்கும் பகுதிக்குள் ‘நான் இன்னும் அதே பிராசசரில்தான் இருக்கிறேனா’ என்ற ஒப்பீட்டை அது இரண்டு முறை செய்யும். கெர்னல் தன் வாக்கைக் காப்பாற்றினால் இரண்டாவது ஒப்பீடு மாறவே முடியாது. மாறினால் உடனே அலறி நின்றுவிடும். நடக்கவே கூடாத ஒன்றுக்காகக் காவல் நிற்கும் வரி அது. நல்ல சோதனை எழுதுபவர் யார் என்பதை இப்படிப்பட்ட வரிகளில் நான் கண்டுகொள்கிறேன்.

இந்தப் பொறுமை ஓரிரவில் வந்ததல்ல. மாண்ட்ரியலில் கோத்-தெ-நேஜ் என்ற பகுதி உண்டு. ஈழத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் இடம். அங்கிருந்து மேட்டில் ஏறினால் எக்கோல் பாலிடெக்னிக். நம்மூரில் பாலிடெக்னிக் என்றால் பட்டயப் படிப்பு நினைவுக்கு வரும். இது முனைவர் பட்டம் வரை கொடுக்கும் பெரிய பொறியியல் கல்விக்கூடம். கெர்னல் ஓடும்போதே அதன் உள்ளே நடப்பதைப் பதிவு செய்யும் கலை இங்கே பல ஆண்டுகளாக வளர்ந்துவருகிறது. 1999-இல் கரீம் யக்மூர் வெளியிட்ட பதிவுக் கருவியின் வழித்தோன்றலாக, பேராசிரியர் மிஷேல் தாஜெனேயின் ஆய்வுக்கூடத்தில் 2005-இல் எல்டிடி-என்ஜியைத் தொடங்கினார் டெனுவாயே. கவனிக்கும் கருவி கனமாக இருந்தால் கவனிக்கப்படுவதன் வேகமே மாறிவிடும், தேடிய பிழை ஒளிந்துகொள்ளும். ஆகவே அவருடைய ஆய்வு முழுவதும் கால்தடம் பதியாமல் நடப்பது எப்படி என்பதைப் பற்றியதாக இருந்தது. அந்தக் கருவியின் கெர்னல் பகுதி லினக்ஸுக்கு வெளியே தனியாகப் பராமரிக்கப்படுகிறது. கெர்னலின் உள்ளே ஒரு செயற்கூறுக்கு ஓர் அளபுரு கூடினாலும் அது முறிந்துவிடலாம். பழையதும் புதியதுமாகப் பல கெர்னல் பதிப்புகளோடு அதைத் தானியங்கியாகச் சேர்த்துக் கட்டிப் பார்ப்பது அந்தக் குழுவின் அன்றாட வேலை.

சோதனையை எழுதிவிட்டால் அது அப்படியே நிற்கும் என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைக்கிறோம். 2022 தொடக்கத்தில் ஆர்செக் சோதனைகளுக்கு நேர்ந்தது வேறு. ஓர் இழை ஆர்செக்குக்கென்று ஒரே ஓர் இடத்தைத்தான் கெர்னலிடம் பதிந்துகொள்ளலாம். இரண்டாவதாக வேறு இடத்தைக் காட்டினால் கெர்னல் மறுத்துவிடும். 2018-இல் எழுதப்பட்ட சோதனைகள் தமக்கான இடத்தைத் தாமே பதிந்துகொண்டன. அப்போது அதுதான் ஒரே வழி. 2022 பிப்ரவரியில் ஜிலிப்சி 2.35 வந்தது. லினக்ஸில் ஏறக்குறைய எல்லா நிரல்களும் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகம் அது. நிரல் எழும்போதே அந்த இடத்தைத் தானே பதிந்துவிடும் வழக்கம் அந்தப் பதிப்பில் தொடங்கியது. ஆர்செக்கைப் பொறுத்தவரை அது பெரிய வெற்றி. ஆனால் அதே காரணத்தால் ஆர்செக்கின் பழைய சோதனைகள் புதிய கணினிகளில் பதிவு மறுக்கப்பட்டுத் தோற்கும்.

கெர்னலில் பிழை இல்லை. நூலகத்திலும் பிழை இல்லை. சுற்றியிருந்த உலகம் மாறிவிட்டது, சோதனை பழையபடியே நின்றது. நூலகம் வெளிவருவதற்கு முன்பே, ஜனவரியில், டெனுவாயே ஒரு திருத்தத் தொடரை அனுப்பினார். சோதனை இப்போது முதலில் நூலகத்தைக் கேட்கும்: ‘நீ பதிந்துவிட்டாயா?’ ஆம் என்றால் அந்த இடத்தையே பயன்படுத்தும், இல்லையென்றால் தானே பதியும். பழைய கணினியிலும் புதிய கணினியிலும் ஒரே சோதனை ஓடும். அந்தத் தொடரிலேயே இன்னொன்றும் இருந்தது. 32 பிட் பவர்பிசி பிராசசருக்கான சோதனை, சுட்டியை எழுத வேண்டிய இடத்துக்குப் பதிலாக அதன் பக்கத்தில் வெறும் நிரப்பாக விடப்பட்ட இடத்தில் எழுதிக்கொண்டிருந்தது. அதாவது தவறு சோதனையிலேயே. அதுவும் திருத்தப்பட்டது. சோதனையைச் சோதிப்பது யார் என்ற கேள்விக்கு, அதை அவ்வப்போது உட்கார்ந்து முழுதாக வாசிப்பவர் என்பதைத் தவிர வேறு பதில் எனக்குத் தெரியவில்லை.

தோற்கும் சோதனை பரவாயில்லை, யாராவது கவனிப்பார்கள். எனக்கு அச்சம் தருவது பொய் சொல்லும் சோதனை. கெர்னலோடு சேர்ந்து வரும் சோதனைத் தொகுப்புக்குக் கேசெல்ஃப்டெஸ்ட் என்று பெயர். அதன் பராமரிப்பாளர் ஷுவா கான். ஒவ்வொரு சோதனையும் முடியும்போது ஓர் எண்ணைத் திருப்பும், பூஜ்யம் என்றால் தேர்ச்சி. சில சோதனைகளுக்குச் சிறப்பு வன்பொருள் வேண்டும், அல்லது கெர்னலில் ஒரு வசதி இயக்கப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாதபோது அவற்றில் பல ‘இங்கே என்னால் சோதிக்க முடியாது’ என்று ஒதுங்கிக்கொண்டு, போகும்போது பூஜ்யத்தைத் திருப்பின. அறிக்கையில் அது தேர்ச்சி என்று விழுந்தது. ஒன்றையுமே பார்க்காத சோதனை எல்லாம் நலம் என்று கையெழுத்துப் போட்டது. நாடி பிடிக்காமலே மருத்துவச் சான்றிதழ் கொடுத்தது மாதிரி.

2018-இல் ஷுவா கான் இதை ஒவ்வொரு சோதனையாகத் தேடித் தேடித் திருத்தினார். தவிர்த்தேன் என்பதற்குத் தனி எண், 4. அது திரும்பினால் அறிக்கையில் ‘ஸ்கிப்’ என்று தெளிவாக வரும். திருத்தம் என்று பார்த்தால் ஒவ்வொன்றிலும் சில வரிகள்தான். கெர்னல் வேலையில் யாரும் கைதட்டாத வகை இது. ஆனால் அந்த எண் மாறியதும் அதுவரை பச்சையாக இருந்த பல வரிகள் தம் உண்மை நிறத்தைக் காட்டின. எந்தப் பகுதியை இதுவரை யாரும் சோதிக்கவே இல்லை என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

நேரத்தை நம்பும் சோதனைகள் தனிச் சிக்கல். ‘இது பத்து மில்லிநொடிக்குள் முடிய வேண்டும்’ என்று எழுதியது மேசைக் கணினியில் எப்போதும் தேறும். நூறு மெய்நிகர் இயந்திரங்கள் நெருக்கியடிக்கும் சேவையகத்தில் அவ்வப்போது தோற்கும். அவ்வப்போது தோற்பதை ஆட்கள் சீக்கிரம் பழகிக்கொள்வார்கள். ‘அது அப்படித்தான், மறுபடி ஓட்டு’ என்பார்கள். அதற்குப் பிறகு உண்மையான பிழையில் அது தோற்றாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பலன் உண்டு. ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒரு புதிய கெர்னல் பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள். எதனால் முறிந்தது என்று தேட, மாற்றங்களைப் பாதியாகப் பிரித்து, நடுவில் நிறுத்திச் சோதித்து, பிழை உள்ள பாதியை மறுபடி பாதியாக்கிக்கொண்டே போகலாம். பதினான்கு தடவையில் குற்றவாளி ஒற்றை மாற்றமாகச் சிக்கிவிடும். ஆனால் பதினான்கு தடவையும் சோதனை உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு தடவை பொய் சொன்னாலும் தேடல் தவறான பாதிக்குள் போய், சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவருடைய மாற்றத்தின்மீது பழியைப் போட்டு நிற்கும். கெர்னல்சிஐ போன்ற திட்டங்கள் இந்தத் தேடலைப் பல ஆய்வுக்கூடங்களின் கருவிகளில் தானியங்கியாக நடத்துகின்றன.

2023-இல் லினக்ஸ் 6.3-இல் ஆர்செக்குக்கு டெனுவாயே இன்னொரு வசதியைச் சேர்த்தார். 256 பிராசசர் உள்ள பெரிய இயந்திரத்தில் ஒரு நிரலுக்கு நான்கு மட்டுமே ஒதுக்கியிருந்தால், 256 கணக்குகள் வைப்பது நினைவக வீண். ஆகவே அந்த நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் இழைகளுக்குப் பூஜ்யத்திலிருந்து நெருக்கமான எண்களைக் கெர்னல் கொடுக்கும். கணக்குகளை அந்த எண்களின்படி வைத்துக்கொள்ளலாம். புதிய வசதிக்குப் புதிய சோதனை வேண்டும். பராம் டெஸ்டின் அதே மூலநிரல், பிராசசர் எண்ணுக்குப் பதிலாக இந்தப் புதிய எண்ணை எடுத்துக்கொள்ளும்படி இன்னொரு முறை தொகுக்கப்பட்டது. இப்போது அந்தச் சோதனையை ஓட்டினால் அத்தனையும் இரண்டு சுற்று நடக்கும்: பிராசசருக்கு ஆறு இழைகள், ஒன்பது இடுக்குகள், நான்கில் ஒன்று, இரண்டில் ஒன்று, ஒவ்வொன்றும் என்று அதே கூப்பாடு, முதலில் பழைய எண்ணோடு, பிறகு புதிய எண்ணோடு.