ஏரியல் நீண்டால் மட்டும் மின்னல் எஃப்.எம். கேட்குமா?



கேட்டல் பயிற்சிக்காக, மின்னல் எஃப்.எம். செய்தியைக் கேட்டு ஐந்து வரி எழுதி வரச் சொன்னேன். கம்போங் ராஜா மாணவன் ஒருவன் வெறும் தாளோடு வந்தான்.

"லயத்துல ஃபோன் லைன் கிடைக்காது, டீச்சர். பாட்டி ரேடியோவுல ஒரே இரைச்சல். ஏரியல் கட்டையா இருக்குன்னு நாலு மீட்டர் கம்பி கட்டிப் பார்த்தேன். அப்பவும் கேக்கல."

நீளமா இருந்தா நல்லா எடுக்கும் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். ஆனால், வேண்டியது அதிக நீளமல்ல, பொருத்தமான நீளம்.

நீளம்: அலைநீளம் = வேகம் ÷ அதிர்வெண். எஸ்.பி.எம். இயற்பியலில் வரும் சூத்திரம்தான். வானொலி அலை நொடிக்கு 30 கோடி மீட்டர் செல்கிறது. கோலாலம்பூரில் மின்னல் 96.3 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. 300ஐ 96.3ஆல் வகுத்தால் அலைநீளம் 3.12 மீட்டர். அதில் பாதி 1.56 மீட்டர், கால் பங்கு 78 சென்டிமீட்டர். பல சிறிய வானொலிகளில் கம்பி முக்கால் மீட்டர் அளவுக்கு நீள்வது இதனால்தான். நீளம் பொருந்தாவிட்டால், கம்பி பிடித்த ஆற்றல் முழுவதும் வானொலிக்குள் போகாது. ஒரு பகுதி திரும்பிவிடும்.

செயல்திறன்: அலைவாங்கிக்குக் கொடுத்த ஆற்றலில் எவ்வளவு அலையாக வெளியேறுகிறது, எவ்வளவு வெப்பமாக வீணாகிறது என்பதே கேள்வி. அரை அலைநீள அலைவாங்கியின் கதிர்வீச்சுத் தடை சுமார் 73 ஓம். இழப்புத் தடை 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 73ஐ 75ஆல் வகுத்தால் செயல்திறன் 97 விழுக்காடு. கம்பியை மிகவும் குட்டையாக்கினால் கதிர்வீச்சுத் தடையும் 2 ஓமுக்கு இறங்கலாம். அப்போது பாதி ஆற்றல் சூடாகியே போய்விடும்.

திசை: 1926இல் ஜப்பானில் உடா, யாகி இருவரும் அறிமுகப்படுத்திய பல கம்பி அலைவாங்கியை இன்றும் கூரைகளில் பார்க்கிறோம். அது புதிதாக ஆற்றலை உண்டாக்குவதில்லை. டார்ச் லைட் வெளிச்சத்தை ஒரு பக்கம் குவிப்பதுபோல, ஒரு திசையில் கவனத்தைக் குவிக்கிறது. தவறான பக்கம் திருப்பினால் பயனில்லை.

இடம்: நம் ஊரில் பெரிய சிக்கல் இதுதான். எஃப்.எம். அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்லும். குனோங் பிரிஞ்சாங் உச்சி 2,000 மீட்டருக்கு மேல் இருப்பதால்தான் அங்கே கோபுரங்கள் நிற்கின்றன. ஆனால், இடையில் ஒரு குன்று மறைத்தால் பள்ளத்தில் உள்ள லயத்துக்கு அலை சரியாக எட்டாது. மலையில் மோதித் திரும்பும் அலையும் நேரே வரும் அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று குறைக்கும்; இரண்டு மூன்று அடி தள்ளினால் ஒன்றையொன்று கூட்டும். பாடத்தில் படிக்கும் அலைக் குறுக்கீடு வீட்டிலேயே நடக்கிறது!

மாணவனிடம் சொன்னேன்: "கட்டின கம்பியைக் கழட்டிடு. ஏரியலை முக்கால் மீட்டருக்கு இழு. ரேடியோவை ஜன்னல் ஓரமா நகர்த்தி நகர்த்திப் பாரு. கம்பியைச் சாய்ச்சும் பாரு."

மறுநாள் ஐந்து வரியும் வந்தன. ஒரு சொல் மட்டும் விட்டுப்போயிருந்தது, இரைச்சலாம்!

இது வீட்டுப்பாடத்தோடு முடிவதல்ல. மண்சரிவில் மின்சாரமும் ஃபோன் கோபுரமும் ஓய்ந்துபோனால், பாட்டிக்குத் தமிழில் செய்தி சொல்ல பேட்டரி ரேடியோதான் மிஞ்சும்.

மாணவர்களே, பேச்சில் 'ஏரியல்' இருக்கட்டும். கட்டுரையில் 'அலைவாங்கி' என்று எழுதுங்கள். பெயர்தான் 'வாங்கி'; அலையை அனுப்புவதும் அதுவே. உங்கள் வீட்டு வானொலியில் மின்னல் எந்த எண்ணில் கிடைக்கிறதோ, அந்த எண்ணை வைத்துக் கால் அலைநீளத்தைக் கணக்கிட்டு வாருங்கள்.