மூச்சுக் கொடுத்த கைகள்

யுத்தமும் பூகம்பமும் கொள்ளைநோயும் முன்கூட்டிக் கடிதம் எழுதிவிட்டு வருவதில்லை. வந்த பிறகு யந்திரம் தேடி ஓடுவது, வீடு பற்றி எரிகையில் கிணறு வெட்டுகிற கதைதான்.

1952-ம் வருஷம் டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் தாண்டவமாடிற்று. பிளெக்டம் ஆஸ்பத்திரிக்குத் தினம் ஐம்பது பேர் வரையில் வந்து சேர்ந்தார்கள். பலருக்குச் சுவாசத் தசைகளே செயலற்றுப் போயின. அங்கே இருந்தவையோ, நோயாளியை உள்ளே கிடத்தி மூச்சுவிடச் செய்யும் இரும்புப் பெட்டி ஒன்று. மார்பில் கவசம்போல் பொருத்தும் சிறு யந்திரங்கள் ஆறு. முதல் மூன்று வாரங்களில் இவற்றின் உதவி பெற்ற 31 பேரில் 27 பேர் மாண்டனர்.

தலைமை வைத்தியர் லாஸன், மயக்க மருந்து நிபுணரான பியோர்ன் இப்ஸனை வரவழைத்தார். ஆகஸ்டு 27-ந் தேதி, உயிர் ஊசலாடிய பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துவாரமிடச் செய்து குழாய் பொருத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிப் பிராணவாயுவை உட்செலுத்தினார் இப்ஸன். சிறுமி பிழைத்தாள். ரண சிகிச்சை அறையில் அன்றாடம் நடக்கும் காரியந்தான் அது. அடுத்த அறைக்கு வந்து சேர இத்தனை உயிர்கள் போகவேண்டியிருந்தது!

ஆனால் பை தானாக அமுங்குமா? வைத்திய மாணவர்கள் முறைபோட்டுக்கொண்டு வந்தார்கள். ஏறக்குறைய 1,500 பேர், இரவும் பகலும், மாதக்கணக்கில். வாய் திறந்து பேச முடியாத குழந்தையின் முகத்தைப் பார்த்தே, மூச்சுப் போதுமா போதாதா என்று அறிந்து அமுக்கினார்கள். ஒரே சமயத்தில் 70 பேர் இவ்விதம் பிறர் கையால் சுவாசித்ததுண்டு. நூற்றுக்கு எண்பதுக்கு மேலிருந்த மரணம் நாற்பதுக்கு இறங்கி, பிறகு அதற்கும் கீழே போயிற்று. அடுத்த வருஷமே இப்ஸன் அந்நகரில், உயிருக்குப் போராடுவோர்க்கென்று தனிப் பகுதி ஒன்றை நிறுவினார். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு அதுவே மூதாதை.

2021-ம் வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் டில்லி ஆஸ்பத்திரிகளில் பிராணவாயு வற்றி, உறவினர்கள் சிலிண்டருக்காகத் தெருத்தெருவாய் அலைந்ததை நாம் மறந்துவிடவில்லை. ரெயில் வண்டிகள்கூடப் பிராணவாயு ஏற்றிக்கொண்டு ஓடின. யந்திரத்தைப் பணம் கொடுத்து ஒரு வாரத்தில் இறக்கிவிடலாம். அதன் பக்கத்தில் நிற்கவேண்டிய நர்ஸை ஒரு வாரத்தில் உண்டாக்க முடியாது. மற்ற வார்டுகளின் நர்ஸுகளுக்கும் மாணவர்களுக்கும் அமைதிக் காலத்திலேயே, வருஷந்தோறும் இரண்டு நாள் இவ்வேலையைப் பழக்கி வைக்கலாம். கையால் அமுக்கும் பை இன்றும் ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. மின்சாரம் நின்றுபோன இரவில் அதற்கு வேண்டியவை இரண்டு கைகள்தான், பழகிய கைகள்.